சுயாதீனப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு: முதல் படத்தை இரண்டாவது படத்துக்கு இடம் வைத்து முடிப்பது எப்படி

தமிழில் ஒரே ஒரு படம் எடுத்து, அதை நாலைந்து விழாக்களில் காட்டிவிட்டு, பிறகு கடனை அடைக்க வேறு வேலைக்குப் போய்விட்ட இயக்குநர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நல்ல படம் எடுத்தவர்கள். திறமை போதாமல் அவர்கள் நின்றுபோகவில்லை. வீடு, நகை, நண்பர்களின் சேமிப்பு எல்லாவற்றையும் முதல் படமே வாங்கிக்கொண்டுவிட்டதால், இரண்டாவது படத்துக்கு எதுவும் மிச்சமில்லாமல் போய்விட்டது. அதனால் கதை எழுதுவது முதல் ஓடிடி ஒப்பந்தம் வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்: இதைச் செய்த பிறகு என்னால் இன்னொரு படம் எடுக்க முடியுமா?

சுயாதீனப் படம் என்று நான் சொல்வது, கதையிலிருந்து கடைசி எடிட் வரை தீர்மானிக்கும் அதிகாரத்தை எடுப்பவர் தன் கையில் வைத்துக்கொண்ட படத்தை. பட்ஜெட் சின்னதாக இருப்பது அதன் விளைவுதான். இது தமிழுக்குப் புதிதும் இல்லை. சினிமாவில் பயிற்சி எதுவும் இல்லாத ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே இயக்கி 1965-இல் 'உன்னைப்போல் ஒருவன்' என்ற படத்தைக் கொண்டுவந்தார். 1977-இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், பிறகு கேரளத்தில் ஒடேசா என்ற கூட்டமைப்பை நண்பர்களோடு தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் படம் திரையிட்டு, மக்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டி, 1986-இல் 'அம்மா அறியான்' படத்தை முடித்தார்கள். இன்று கேமரா மலிவாகிவிட்டது. பணம், உரிமை, விநியோகம் என்ற மூன்று முடிச்சுகள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

முதலில் காலக் கணக்கு

பட்ஜெட் போடுவதற்கு முன்னால் வருடங்களைக் கணக்குப் போடுங்கள். செழியன் இயக்கிய 'டு லெட்' 2017 நவம்பரில் கொல்கத்தா சர்வதேச விழாவில் விருது வாங்கியது. அடுத்த ஆண்டு தேசிய விருது அறிவிக்கப்பட்டது. தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 தொடக்கத்தில் ரோட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றது. ஒரு தமிழ்ப் படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. ஆனால் சாதாரணப் பார்வையாளர் அதை சோனிலிவ் தளத்தில் பார்க்க முடிந்தது 2023 அக்டோபரில்தான்.

இவை இரண்டும் நல்லபடியாக நடந்த கதைகள். அப்படி நடந்தும், விழாவில் விருது வாங்கிய பிறகு பொதுமக்கள் பார்ப்பதற்கு ஒன்றேகால் வருடத்திலிருந்து இரண்டேமுக்கால் வருடம் வரை ஆகியிருக்கிறது. எழுதுவது, பணம் தேடுவது, படப்பிடிப்பு, எடிட்டிங் எல்லாவற்றையும் சேர்த்தால் நான்கைந்து வருடம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. அந்த நான்கைந்து வருடமும் வாடகை கட்ட வேண்டும், சாப்பிட வேண்டும், வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் சமாளிக்க வேண்டும். எனவே படத்தோடு சேர்த்து ஒரு பிழைப்பையும் திட்டமிடுங்கள். எடிட்டிங், சப்டைட்டில், ஒலிப்பதிவு, விளம்பரப் படம், கல்யாண வீடியோ, கல்லூரிகளில் பட்டறை நடத்துவது என எதுவாகவும் இருக்கலாம். முடித்துக் கொடுத்துவிட்டால் சில வாரங்கள் முழுசாக உங்களுக்கே கிடைக்கிற வேலையாக இருந்தால் நல்லது.

உதவி இயக்குநராகச் சேரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு படத்தில் முழுசாக வேலை செய்யுங்கள். காட்சிகளின் தொடர்ச்சி மாறாமல் இருக்கக் கன்டினியூட்டி எழுதுவது, ஆர்ட்டிஸ்ட் கால்ஷீட்டை ஒழுங்குபடுத்துவது, மழை வந்தால் அன்றைய ஷெட்யூலை அரை மணி நேரத்தில் மாற்றுவது ஆகியவற்றை எந்தப் பள்ளியும் இந்த அளவுக்குச் சொல்லித் தராது. ஆனால் அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று போய்க்கொண்டே இருந்தால் பத்து வருடம் ஓடிவிடும். படிக்க வசதி இருந்தால் தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம், புனே எஃப்டிஐஐ, கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனம் ஆகியவை அரசு நடத்துபவை, தனியார் பள்ளிகளைவிடக் கட்டணம் மிகக் குறைவு. படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றிரண்டு குறும்படங்களை அக்கறையாக எடுத்து, திருவனந்தபுரத்தில் கேரள அரசு நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கும் மும்பை சர்வதேச விழாவுக்கும் அனுப்புங்கள். யூடியூபில் லட்சம் பேர் பார்ப்பதைவிட, அங்கே உங்கள் படத்தைப் பார்க்கும் இருபது பேர் பின்னால் உதவுவார்கள்.

கையில் இருப்பதிலிருந்து கதை

பெரிய படத்துக்கான கதையை எழுதிவிட்டு அதைச் சின்னப் பணத்தில் எடுக்க முயல்வதுதான் பலருடைய முதல் சறுக்கல். திரையில் அந்தப் பற்றாக்குறை அப்பட்டமாகத் தெரியும். 'கூழாங்கல்' படத்தில் ஒரு தகப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். 'டு லெட்' படத்தில் ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு தேடுகிறது. இரண்டிலும் கதைக்கு வேண்டியது என்னவோ அது எடுப்பவர்களின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. பணம் இருந்திருந்தாலும் அந்தப் படங்கள் பெரிதாக வேறு மாதிரி ஆகியிருக்காது.

எழுதி முடித்ததும் ஒரு சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். இரவு நேர வெளிப்புறக் காட்சி என்றால் ஜெனரேட்டர், லைட், லைட்மேன்கள், இரட்டைச் சாப்பாடு. மழைக் காட்சி என்றால் தண்ணீர் லாரி. ஓடுகிற பஸ்ஸுக்குள் வசனம் என்றால் பஸ் வாடகையும் கெட்டுப்போகிற ஒலியும். கூட்டம் என்றால் துணை நடிகர்கள், அவர்களுக்கு வண்டி. இப்படி ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டு, இது இல்லாவிட்டால் கதை நிற்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் நிற்கும், சில சமயம் இன்னும் நன்றாகவே நிற்கும்.

அடுத்தவர் கதையை எடுப்பதாக இருந்தால், முதல் வரி எழுதும் முன் எழுத்து மூலமாக அனுமதி வாங்குங்கள். அருண் கார்த்திக்கின் 'நசீர்' எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து வந்தது. தமிழ்ச் சிறுகதையில் இன்னும் நூறு படங்களுக்குச் சரக்கு இருக்கிறது. எழுத்தாளர்கள் பெரும்பாலும் தாராளமாகவே நடந்துகொள்வார்கள். அந்தத் தாராளத்துக்குப் பதிலாக நீங்கள் தர வேண்டியது தெளிவான ஒரு கடிதம்: எவ்வளவு தொகை, எத்தனை வருடத்துக்கு உரிமை, அதற்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை அவரிடமே திரும்பும் என்ற வரி, டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்ற உறுதி. உங்கள் சொந்தக் கதை என்றால் முழுத் திரைக்கதையையும் எழுத்தாளர் சங்கத்திலோ மத்திய அரசின் காப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்திலோ பதிவு செய்யுங்கள். ஓரிரு வரியில் சொல்லும் ஒன்லைனுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது. எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு.

பணம்

இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் ஒரு சட்ட விவரம்: 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர்தான், இயக்குநர் இல்லை. படம் வெளியாகி 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். நீங்கள் எழுதி, இயக்கி, எடிட் செய்து, போஸ்டரும் ஒட்டியிருந்தாலும், பணம் போட்டவர் பெயரில் தயாரிப்பு இருந்தால் படம் அவருடையது. நண்பர்கள் சேர்ந்து பணம் போடுவதாக இருந்தால், தயாரிப்பாளர் யார், யாருக்கு எத்தனை சதவீதம், வருகிற பணம் எந்த வரிசையில் பிரியும் என்பதை ஒரு வக்கீலை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். முதலில் போட்ட பணம் திரும்பும், பிறகு சம்பளம் தள்ளிவைத்தவர்களுக்கு, அதற்குப் பிறகு லாபம் என்று வரிசை தெளிவாக இருக்க வேண்டும். நட்புக்குள் எதற்குப் பத்திரம் என்று கூசாதீர்கள். படம் முடிந்த பிறகும் அந்த நட்பு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பத்திரமே.

எங்கிருந்து பணம் வரும்? சேமிப்பு, நண்பர்கள், ஒரு சிறு தயாரிப்பாளர், விழா நிதிகள் ஆகியவற்றின் கலவையாகத்தான் பெரும்பாலும் வரும். கூட்டு நிதி சாத்தியம்தான். கன்னடத்தில் பவன் குமார் 2013-இல் 'லூசியா' படத்தை அப்படித்தான் எடுத்தார். ஆனால் லாபத்தில் பங்கு தருகிறேன் என்று முகம் தெரியாதவர்களிடம் பொதுவெளியில் பணம் திரட்டுவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். நன்கொடையாகவோ முன்கூட்டியே டிக்கெட் விற்பதாகவோ வைத்துக்கொண்டு, தொடங்குவதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டு நிதிகளில் ரோட்டர்டாம் விழாவோடு இணைந்த ஹியூபர்ட் பால்ஸ் நிதி நம்மவர்களுக்குப் பழக்கமானது. 1988 முதல் இயங்குகிறது. 'நசீர்' அதன் உதவி பெற்ற படம். பெர்லின், பூசான் விழாக்களுக்கும் இதுபோன்ற நிதிகள் உண்டு. இவற்றுக்கு முழுத் திரைக்கதையோடு, இந்தப் படத்தை ஏன் நீங்கள் எடுக்க வேண்டும் என்று சொல்லும் இயக்குநர் குறிப்பு, நம்பத்தக்க பட்ஜெட், முந்தைய படத்தின் லிங்க் ஆகியவற்றைக் கேட்பார்கள். இந்தியாவுக்குள் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி 2007 முதல் கோவா விழாவோடு சேர்த்து நடத்திவரும் ஃபிலிம் பஜார் முக்கியமானது. 2025 முதல் வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்று பெயர். அங்கே திரைக்கதை நிலையில் இருக்கும் படத்துக்குக் கூட்டுத் தயாரிப்புச் சந்தை இருக்கிறது. பாதி முடிந்த படத்துக்கு வல்லுநர்கள் யோசனை சொல்லும் பிரிவும், முடிந்த படத்தை விழாக்காரர்களும் வாங்குபவர்களும் பார்க்கும் அறையும் தனித்தனியாக இருக்கின்றன. எடிட்டிங் மேசையில் பணம் தீர்ந்துபோன நிலையில் ஒரு படம் இருந்தால், அதைக் கொண்டுபோக வேண்டிய இடம் அதுதான்.

தமிழக அரசு குறைந்த செலவில் எடுக்கப்பட்ட தரமான படங்களுக்குத் தலா 7 லட்சம் ரூபாய் மானியம் தரும் திட்டம் வைத்திருக்கிறது. தகுதி இருந்தால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், அதை மனதில் வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

பட்ஜெட் எழுதும்போது கேமராவை விட்டுவிட்டுச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். இருபது பேர் கொண்ட யூனிட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய் என்று வைத்தாலே தினம் 8,000 ரூபாய், இருபது நாளுக்கு 1,60,000 ரூபாய். தங்குமிடம், வண்டி, டீசல் ஆகியவையும் இதேபோல ஆள்கணக்கில் ஏறும். அதனால் ஒரு ஆளைக் குறைப்பதும் ஒரு நாளைக் குறைப்பதும்தான் உண்மையான சிக்கனம். லென்ஸ் வாடகையில் பேரம் பேசிக் கிடைப்பது அதற்கு அப்புறம்தான். மொத்தத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தை அவசரத்துக்கென்று தனியே வையுங்கள். அப்புறம் போஸ்ட் புரொடக்‌ஷன் பணத்தைப் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். ஷூட்டிங் முடிந்து ஹார்ட் டிஸ்க்கில் தூங்கிக்கொண்டிருக்கும் படங்கள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான் தூங்குகின்றன. விழாக் கட்டணம், சப்டைட்டில், டிசிபி (தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி), தணிக்கை ஆகியவையும் பட்ஜெட்டுக்குள் இருக்க வேண்டியவை.

ஆட்கள்

சின்ன யூனிட்டாக இருக்கட்டும். ஆனால் யாரும் சும்மா வேலை செய்ய வேண்டாம். முழுச் சம்பளம் தர முடியாவிட்டாலும் பேட்டாவைத் தினமும் மாலையில் கையில் கொடுங்கள், மீதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். "படம் விற்றதும் பார்த்துக்கலாம்" என்ற வாய்ச்சொல்தான் இந்தத் துறையில் அதிகம் பேரைக் காயப்படுத்தியிருக்கிறது. திரைத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெப்சியின் சங்க உறுப்பினர்களை வைத்து எடுப்பதாக இருந்தால் அவர்களுடைய சம்பள, வேலைநேர விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படப்பிடிப்பின் நடுவில் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

ஊர்க்காரர்களை நடிக்க வைக்கும்போது அவர்களுடைய ஒரு நாள் கூலி போகிறது என்பதை மறக்காதீர்கள். நூறு நாள் வேலைக்கோ அறுவடைக்கோ போக வேண்டியவரை மதியம் வரை காத்திருக்க வைத்துவிட்டு, "இன்னைக்கு உங்க சீன் இல்லம்மா" என்று அனுப்பக் கூடாது. கூலியைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அவர்களிடமும் படத்தில் தோன்றுவதற்கான சம்மதக் கடிதத்தை வாசித்துக் காட்டி, புரியவைத்து, கையெழுத்து வாங்குங்கள். பின்னால் ஓடிடி நிறுவனம் கேட்கும் முதல் கோப்புகளில் அதுவும் ஒன்று.

குழந்தைகள் நடித்தால் சட்டம் தெளிவாக இருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். சின்னப் படம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று இதை விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. குழந்தைமையைப் பற்றி உருக்கமாகப் படம் எடுத்துவிட்டு அந்தக் குழந்தையைப் பதினொரு மணி வெயிலில் நிறுத்திவைக்க நமக்கு உரிமை இல்லை. அதேபோல, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பது 2013 சட்டப்படி கட்டாயம். முதல் நாள் கால்ஷீட் தாளிலேயே யாரிடம் புகார் சொல்வது என்று பெயரும் எண்ணும் இருக்கட்டும்.

படப்பிடிப்பு: ஒலியை மறக்காதீர்கள்

கேமரா பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சோனி, பிளாக்மேஜிக் போன்றவற்றின் சின்ன கேமராக்களே திரைக்குப் போதும். வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்பதை முதல் நாளே உறுதிசெய்யுங்கள். டிசிபி பொதுவாக அந்த வேகத்தில்தான் போகும். பாதிப் படத்தை 25-இலும் மீதியை 30-இலும் எடுத்துவிட்டுப் பின்னால் மாற்றுவது வீண் தலைவலி.

ஒலிதான் புதியவர்கள் கோட்டைவிடும் இடம். தமிழ் சினிமா பல காலமாக டப்பிங்கில் பழகியது. தொழில்முறை நடிகர்கள் டப்பிங்கில் தங்கள் நடிப்பை மீட்டெடுப்பார்கள். ஊர்க்காரரால் அது முடியாது. வயலில் நின்று அவர் பேசிய அதே குரல் ஸ்டூடியோவின் கண்ணாடி அறையில் வரவே வராது. எனவே லைவ் சவுண்ட் எடுங்கள். அதற்கு அனுபவமுள்ள ஒலிப்பதிவாளருக்கும் பூம் மைக் பிடிக்கும் உதவியாளருக்கும் நல்ல சம்பளம் கொடுங்கள். இடம் பார்க்க ரெக்கி போகும்போது ஒலிப்பதிவாளரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் வெளிச்சத்தைப் பார்ப்பீர்கள், அவர் பக்கத்து மில்லின் மோட்டாரைக் கேட்பார். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள், எடிட்டர் உங்களுக்கு நன்றி சொல்வார். டீக்கடை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் ஷாட்டுக்கு முன் பணிவாக நிறுத்தச் சொல்லுங்கள். பின்னணியில் நாலு வரி கேட்டாலும் அந்தப் பாட்டின் உரிமையை இசை நிறுவனத்திடம் வாங்க வேண்டியிருக்கும். சில சமயம் அந்தத் தொகை உங்கள் மொத்த ஒலிச் செலவைவிட அதிகமாக இருக்கும்.

அன்றைய ஃபுட்டேஜை அன்றிரவே மூன்று பிரதியாக்குங்கள். இரண்டு வேறு வேறு ஹார்ட் டிஸ்க்குகள், இரண்டு வேறு வேறு ஆட்களிடம். மூன்றாவது ஊருக்கு வெளியே.

அனுமதிகளில் குறுக்கு வழி வேண்டாம். காவல்துறை, மாநகராட்சி, ரயில்வே, வனத்துறை, அறநிலையத்துறை, தொல்லியல் துறை என ஒவ்வொரு இடத்துக்கும் தனி அனுமதி, தனிக் கட்டணம். தனியார் வீட்டுக்கும் கடைக்கும் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். மாடு, நாய், கோழி எதுவானாலும் காட்சியில் நடிக்க வைத்தால் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். இது படப்பிடிப்புக்கு முன்பே வாங்க வேண்டியது. தணிக்கைக்குப் போகும்போது அந்தச் சான்று இல்லையென்றால் காட்சியையே நீக்க வேண்டி வரலாம். ட்ரோனுக்கு 2021 விதிகள் இருக்கின்றன, விமான நிலையம் பக்கத்தில் பறக்க விடாதீர்கள்.

எடிட்டிங்கிலிருந்து டிசிபி வரை

டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ஒரு முழுப் படத்தை எடிட் செய்யலாம். முதல் எடிட் முடிந்ததும் இரண்டு வாரம் தொடாமல் வைத்துவிட்டு, சினிமாவில் இல்லாத ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதைவிட எங்கே போனை எடுத்துப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். படம் 80 நிமிடத்தில் முடிகிறது என்றால் 80 நிமிடத்திலேயே விடுங்கள். இரண்டு மணி நேரம் இருந்தால்தான் தியேட்டரில் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதற்காக நீட்டாதீர்கள்.

கலரையும் ஒலிக்கலவையையும் தியேட்டர் தரமுள்ள அறையில் செய்ய வேண்டும். லேப்டாப்பில் சரியாகக் கேட்ட வசனம் பெரிய திரையில் இசைக்குள் முங்கிப்போகும். ஆங்கில சப்டைட்டிலைக் கடைசி வாரத்து வேலையாக விடாதீர்கள். தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த, படத்தைப் பிடித்த ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி பாருங்கள். ரோட்டர்டாமிலோ பூசானிலோ உங்கள் படத்தைத் தேர்வு செய்கிறவர் கேட்பது உங்கள் வசனத்தை இல்லை, படிப்பது அந்த சப்டைட்டிலைத்தான். இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஒப்பந்தங்களில், காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு அவர்களுடைய ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தணிக்கை

இணையத்தில் மட்டும் வெளியிட தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டருக்கு வேண்டும். விழாக்களுக்கு ஒன்றிய அமைச்சகத்திடம் விலக்கு வாங்குவது விழா நடத்துபவர்களின் வேலை. விண்ணப்பம் இ-சினிபிரமாண் தளம் வழியாகப் போகும். சென்னையில் மண்டல அலுவலகம் இருக்கிறது. அதற்கு முன்பே தயாரிப்பாளர் அமைப்பு ஒன்றில் படத்தின் தலைப்பைப் பதிவு செய்துவிடுங்கள். சினிமா சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு யுஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. புகைபிடிக்கும் காட்சி ஒன்று இருந்தாலும் எச்சரிக்கை வாசகமும், தொடக்கத்திலும் நடுவிலும் சுகாதார அமைச்சகத்தின் குறும்படமும் சேர்க்க வேண்டும். உங்கள் படத்தின் நடுவில் அதை ஏற்க மனமில்லை என்றால் எழுதும்போதே சிகரெட்டை எடுத்துவிடுங்கள்.

வெட்டச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மறுசீராய்வுக் குழுவுக்குப் போகலாம். அதற்கு மேல் முன்பு தீர்ப்பாயம் இருந்தது. 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள், இப்போது உயர் நீதிமன்றம்தான். சின்னப் படத்துக்கு அது பெரிய சுமை என்பது உண்மை. அதனால் வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிட்டுத் தணிக்கைக்குப் போகாதீர்கள், தேதி நெருங்கினால் எதற்கும் தலையாட்ட வேண்டி வரும். ஏ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட முடியாது, அதனால் சாட்டிலைட் உரிமையின் மதிப்பு அடிபடும். இன்னொரு சின்ன விஷயம்: தேசிய விருதுக்கான தகுதி சான்றிதழ் தேதியை வைத்துத்தான். டிசம்பர் கடைசியில் அவசரமாக வாங்குவதா, ஜனவரியில் வாங்குவதா என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

விழாக்கள்

முதல் திரையிடலை ஒரு முறைதான் கொடுக்க முடியும். பெரிய விழாக்கள் உலகிலேயே முதல் திரையிடல் அல்லது நாட்டுக்கு வெளியே முதல் திரையிடல் என்று கேட்கும். எனவே கிடைத்த முதல் அழைப்புக்கு ஓடாமல், பத்து விழாக்களின் பட்டியலை வரிசைப்படுத்தி, மேலே இருந்து கீழே வாருங்கள். ஜனவரி கடைசியில் ரோட்டர்டாம், பிப்ரவரியில் பெர்லின், இலையுதிர்காலத்தில் பூசான், நவம்பரில் கோவா, டிசம்பரில் திருவனந்தபுரம், சென்னை என்று ஆண்டின் ஓட்டம் இருக்கும். ஒவ்வொன்றின் கடைசித் தேதியும் அதற்குப் பல மாதங்கள் முன்னால். முதலில் விண்ணப்பித்தால் கட்டணம் குறைவு, காசில்லை என்று மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் சில விழாக்கள் தள்ளுபடியே செய்யும்.

ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்களில் மாதம்தோறும் விருது அறிவிக்கும் நூற்றுக்கணக்கான "சர்வதேச விழாக்கள்" இருக்கின்றன. திரையரங்கே இருக்காது, பார்வையாளரும் இருக்க மாட்டார். கட்டணம் கட்டினால் போஸ்டரில் போட்டுக்கொள்ள விருதுச் சின்னமாக ஒரு இலைமுத்திரை வரும். போஸ்டரில் அப்படிப்பட்ட முத்திரை இருபது இருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் ஒதுங்கிப் போவார்கள். இளைஞர்கள் அம்மாவின் நகையை அடகுவைத்த பணத்தில் இதற்குக் கட்டணம் கட்டுவது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். போன வருடம் எந்தத் தியேட்டரில், எந்தெந்தப் படம், எந்த நேரத்தில் திரையிட்டார்கள் என்று தேடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

ஒரு நல்ல விழாவுக்குத் தேர்வானால் எப்படியாவது நேரில் போங்கள். அடுத்த திரைக்கதையின் இரண்டு பக்கச் சுருக்கம் கையில் இருக்கட்டும். "அடுத்து என்ன செய்கிறீர்கள்?" என்பதுதான் அங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி.

வெளியீடும் ஒப்பந்தமும்

2018 மார்ச் 1 முதல் ஏறக்குறைய ஒன்றரை மாதம் தமிழில் புதுப் படமே வெளியாகவில்லை. டிஜிட்டல் திரையிடல் நிறுவனங்கள் வாங்கும் விபிஎஃப் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் நடத்திய போராட்டம் அது. ஒரு திரைக்கு இவ்வளவு என்று வாங்கப்படும் அந்தக் கட்டணம் பெரிய படத்துக்குத் துளி, சின்னப் படத்துக்குச் சுமை. வரி, தியேட்டரின் பங்கு, விநியோகஸ்தர் கமிஷன், விபிஎஃப், போஸ்டர் செலவு எல்லாம் போன பிறகுதான் உங்கள் கைக்கு. நூறு தியேட்டரில் காலைக் காட்சி மட்டும் வாங்கி மூன்றாம் நாள் தூக்கப்படுவதைவிட, ஐந்தாறு ஊர்களில் நல்ல நேரத்தில் ஒரு வாரம் ஓடுவது நல்லது. ஒவ்வொரு ஊரிலும் திரைப்பட இயக்கங்கள், தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) போன்ற அமைப்புகள், கல்லூரி ஆசிரியர்கள் ஆகியோரிடம் ஒரு மாதம் முன்பே பேசி, முதல் மூன்று நாள் அரங்கை நிரப்புங்கள். நீங்களும் போய் நில்லுங்கள், படம் முடிந்ததும் பேசுங்கள். அதன் பிறகும் ஒரு வருடம் ஊர் ஊராகத் திரையிடலாம்.

ஓடிடி நிறுவனங்கள் முன்பு போலத் தியேட்டருக்கு வராத சின்னப் படங்களை எளிதில் வாங்குவதில்லை. வாங்கினாலும் பல இடங்களில் தருவது பார்த்த நேரத்துக்கு ஏற்ற பங்குதான். அதனால் ஒப்பந்தத்தின் வார்த்தைகள் தொகையைவிட முக்கியம். "எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஓடிடி, சாட்டிலைட், வெளிநாடு, ரீமேக், டப்பிங் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் கொடுங்கள். காலம் எழுதப்படாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகும் என்ற பாதுகாப்பும் சட்டத்தில் உண்டு. அந்தப் பாதுகாப்புகளை ரத்து செய்யும் வரிகளைத்தான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் சேர்ப்பார்கள், அந்தப் பக்கங்களை வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். விழாத் திரையிடலும் கல்வி நிறுவனத் திரையிடலும் எப்போதும் உங்களிடமே இருக்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படம் வெளியான மாதமே ஒரு கோப்பைத் தயார் செய்துவிடுங்கள்: சப்டைட்டிலோடு கூடிய படத்தின் பாஸ்வேர்டு லிங்க், நல்ல தரத்தில் ஆறேழு ஸ்டில்கள், எல்லா ஒப்பந்தங்களின் ஸ்கேன், விழாக்களின் பட்டியல், ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவுசெலவுக் கணக்கு. சம்பளம் தள்ளிவைத்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கணக்கை அனுப்புங்கள், வரவு பூஜ்யமாக இருந்தாலும் அனுப்புங்கள். அடுத்த படத்துக்கு அவர்களைத்தான் கூப்பிடப் போகிறீர்கள். அடுத்த நிதி விண்ணப்பத்துக்கு இதே கோப்பும், விழாவுக்குக் கொண்டுபோன அந்த இரண்டு பக்கச் சுருக்கமும் போதும்.